மேம் டோர் மலைமுகட்டில் ஒரு நாள் ஜியோகேச்சிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் நாங்கள் குடும்பத்தோடு ஜியோகேச்சிங் போகிறோம் என்று தெரிந்ததிலிருந்து நண்பர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வது எனக்கு மிகவும் பழக்கமான ஒரு பாதை: எடேல் ரயில் நிலையத்தில் இறங்கி, மேம் டோர் உச்சிக்கு ஏறி, மலைமுகட்டு வழியே லூஸ் ஹில் வரை நடந்து, ஹோப் கிராமத்தில் இறங்கி ரயில் பிடிப்பது.

ஜியோகேச்சிங் என்றால் என்ன?

யாரோ ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை ஓர் இடத்தில் ஒளித்து வைக்கிறார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுகிறார். நாம் ஜி.பி.எஸ். உதவியோடு அங்கே போய்த் தேடுகிறோம். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே எடுத்த மாதிரியே வைத்துவிட்டு வருகிறோம். அவ்வளவுதான். பரிசு எதுவும் கிடையாது.

அந்தப் பெட்டியை ஆங்கிலத்தில் 'கேஷ்' என்பார்கள். தமிழில் எழுதும்போது அது பணத்தோடு குழம்பும் என்பதால் நான் பெட்டி என்றே எழுதுகிறேன். விரல் நுனி அளவு காந்த உருளை, பழைய ஃபிலிம் டப்பா, சாப்பாட்டு டப்பா, ராணுவத்தின் தோட்டாப் பெட்டி என்று எல்லா அளவிலும் உண்டு.

எப்போது, எங்கே தொடங்கியது?

2000 மே மாதம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதிபர் கிளின்டனின் உத்தரவுப்படி மே 1 நள்ளிரவோடு அதை நிறுத்தினார்கள். சாதாரண மனிதரின் கையிலிருந்த கருவி ஒரே இரவில் பல மடங்கு துல்லியமாகிவிட்டது. அதைச் சோதித்துப் பார்க்க மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியை மண்ணில் பாதி புதைத்து, அதன் எண்களை இணையத்தில் எழுதினார். வாளிக்குள் புத்தகம், கவண் போன்ற பொருட்களோடு ஒரு பீன்ஸ் டப்பாவும் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோகேச்சிங் டாட் காம் தளம் வந்தது. இன்று உலகம் முழுவதும் 30 லட்சத்துக்கும் மேல் பெட்டிகள் இருக்கின்றன.

ஆனால் இங்கிலாந்துக்காரர்கள் இதற்கு முன்பே கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். தென்மேற்கில் டார்ட்மூர் என்ற மேட்டு நிலம் இருக்கிறது. அங்கே 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, சதுப்புக்கு நடுவே கிரான்மியர் பூல் என்ற இடத்தில் ஒரு ஜாடியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் முகவரி அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த வழக்கம் 'லெட்டர்பாக்ஸிங்' என்ற பெயரில் இன்றும் டார்ட்மூரில் நடக்கிறது. செயற்கைக்கோள் வந்தது பிற்பாடு; மலையில் பெட்டி வைத்து அடுத்தவருக்காகக் காத்திருக்கிற ஆசை அதைவிட மிகப் பழையது.

ஏன் இந்தப் பாதையைச் சொல்கிறீர்கள்?

முதல் காரணம் ரயில். மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே ஓடும் ஹோப் வேலி ரயில் எடேலிலும் நிற்கும், ஹோப்பிலும் நிற்கும். கார் தேவையில்லை. ஓர் ஊரில் இறங்கி, மலையைத் தாண்டி, அடுத்த ஊரில் ஏறிக்கொள்ளலாம்.

இரண்டாவது, நடை அளவானது. மொத்தம் 11 அல்லது 12 கிலோமீட்டர். ஏற்றம் கூட்டிப் பார்த்தால் சுமார் 400 மீட்டர். மேம் டோரின் உயரம் 517 மீட்டர், லூஸ் ஹில் 476 மீட்டர். நம் ஊர் மலைகளோடு ஒப்பிட்டால் இது குன்றுதான். ஆனால் மரமே இல்லாத புல்வெளி முகடு என்பதால் இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு முழுதாகத் தெரியும். வடக்கே எடேலும் அதற்குப் பின்னால் கிண்டர் ஸ்கவுட் பீடபூமியும். தெற்கே காசில்டன் ஊர், அதன் மேல் பெவரில் கோட்டையின் இடிபாடு, கிழக்கே தள்ளி சிமென்ட் ஆலையின் ஒற்றைப் புகைபோக்கி. வழி தவறினாலும் அந்தப் புகைபோக்கியை வைத்துத் திசை சொல்லிவிடலாம்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை 9:30 வாக்கில் எடேலில் இறங்குங்கள். பெனைன் வே என்ற 268 மைல் நடைபாதை இந்தக் கிராமத்தில்தான் தொடங்கி ஸ்காட்லாந்து வரை போகிறது. நாம் அதற்கு எதிர்ப்பக்கம், தெற்கே திரும்ப வேண்டும். வயல்களைத் தாண்டி, ஹாலின்ஸ் கிராஸ் என்ற கணவாய்க்கு ஏற முக்கால் மணி நேரம் ஆகும். பெட்டி தேடினால் ஒன்றரை மணி நேரம்.

ஹாலின்ஸ் கிராஸில் நின்றால் என்னால் உடனே கிளம்ப முடியாது. 17-ஆம் நூற்றாண்டில் எடேலுக்கென்று ஒரு தேவாலயம் வரும் வரை, அங்கே இறந்தவர்களை இந்த ஏற்றத்தின் வழியேதான் மறுபக்கம் காசில்டனுக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். பின்னாளில் எடேலில் பஞ்சாலை வந்தபோது, காசில்டன் பெண்கள் தினமும் இதே கணவாயை ஏறி இறங்கி வேலைக்குப் போனார்கள். நாம் கையில் போனை வைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிற அதே பாதை.

அங்கிருந்து வலப்பக்கம் மேம் டோர். முகட்டுப் பாதையில் பெரிய கற்பலகைகள் பதித்திருக்கிறார்கள். இந்த மலை நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளைக்குச் சொந்தமானது. வந்து போகிறவர்களின் கால் பட்டு மண் அரித்துப்போனதால் கல் பதிக்க வேண்டியதாயிற்று. உச்சியைச் சுற்றிப் பழங்காலக் கோட்டை ஒன்றின் மண்மேடும் அகழியும் இன்னும் தெரிகின்றன. அங்கே சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே ஹாலின்ஸ் கிராஸுக்குத் திரும்பி, பேக் டோர் என்ற செங்குத்து விளிம்பைத் தாண்டி லூஸ் ஹில். பிறகு ஒரே இறக்கம். பெட்டிகளோடு சேர்த்து மாலை 4 மணி அல்லது 5 மணி ஆகிவிடும்.

எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று சொல்வீர்களா?

மாட்டேன். அது வைத்தவருக்கும் செய்கிற துரோகம், தேடப் போகிறவருக்கும் செய்கிற துரோகம். எண்கள் செயலியில் இருக்கின்றன. மிச்சம் உங்கள் கண்ணுக்குரியது.

தனியாக ஜி.பி.எஸ். கருவி வாங்க வேண்டுமா?

வேண்டாம், போன் போதும். ஜியோகேச்சிங் நிறுவனத்தின் செயலியில் இலவசக் கணக்கு தொடங்கலாம். எல்லாப் பெட்டிகளும் தெரியாது, ஆனால் தொடங்குவதற்குத் தேவையானவை தெரியும். ஆண்ட்ராய்டில் சி:ஜியோ என்ற இலவசச் செயலியும் நன்றாக இருக்கிறது. எடேல் பள்ளத்தாக்கில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. அதனால் பெட்டி விவரங்களையும் வரைபடத்தையும் வீட்டிலேயே தரவிறக்கிவிடுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், பவர் பேங்க் அவசியம்.

காகித வரைபடம் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நிறுவனம் 1791 முதல் இந்த நாட்டை அளந்து வருகிறது. டார்க் பீக் பகுதிக்கான ஓ.எல்.1 என்ற தாளில் ஒவ்வொரு வயலின் வேலியும் வரைந்திருக்கும். நீங்கள் நிற்பது பாதையா, ஒருவருடைய வயலா என்பதை போனைவிட அது தெளிவாகச் சொல்லும். மேம் டோர் உச்சியில் நிற்கும் வெள்ளைத் தூண் அவர்கள் 1936-க்குப் பிறகு நில அளவைக்காக நாடு முழுவதும் கட்டிய தூண்களில் ஒன்று.

எண்களை எப்படிப் படிப்பது?

மேம் டோர் உச்சி கிட்டத்தட்ட வடக்கு 53° 20.95', மேற்கு 1° 48.6'. பெட்டிகளின் எண்ணில் கலைக்கு (டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு, ' என்ற குறி) மூன்று தசம இடங்கள் இருக்கும். வடக்கு தெற்காகக் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் 1.85 மீட்டர் நகர்கிறீர்கள். கிழக்கு மேற்காக, இந்த அட்சரேகையில், ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால் இந்த வித்தியாசம்.

கையால் எண்ணை அடிக்கிறவர்கள் 'மேற்கு' என்பதை மட்டும் கவனமாகப் போடுங்கள். கிழக்கு என்று போட்டுவிட்டால் அம்பு உங்களை வட கடலுக்குள் கூப்பிடும்.

அம்பு இடத்தைக் காட்டிய பிறகும் பெட்டி தெரியவில்லையே?

எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான். பதில் கொஞ்சம் நீளம்.

திறந்த வானத்தின் கீழ் நல்ல போன் 3 முதல் 5 மீட்டர் வரை பிழை காட்டும். வைத்தவரின் கருவியிலும் அதே பிழை இருந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் நீங்கள் தேட வேண்டியது ஒரு புள்ளியை இல்லை, ஒரு சின்ன வீட்டின் அளவு நிலத்தை. அதனால் 10 மீட்டர் நெருங்கியதும் போனைச் சட்டைப்பையில் போட்டுவிடுங்கள். 'நான் ஒளித்து வைப்பதாக இருந்தால் இங்கே எங்கே வைப்பேன்?' என்று யோசியுங்கள்.

ஒரு பிப்ரவரி மாதம் எடேலிலிருந்து ஏறும் வழியில் நானும் என் மகளும் அரை மணி நேரம் தேடினோம். ஒரு பழைய முள்மரம், அதன் வேர்களுக்கு நடுவே கைப்பிடி அளவுக் கற்கள் நாலைந்து. நான் மரப்பொந்துக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, இந்தக் கல்லுக்கு மட்டும் பாசி கீழே இருக்கு" என்றாள். சுற்றியிருந்த எல்லாக் கல்லிலும் மேல்பக்கம் பச்சைப் பாசி. அந்த ஒன்று மட்டும் வெளிறிய முகத்தை மேலே காட்டிக்கொண்டிருந்தது. யாரோ எடுத்து, திருப்பி வைத்திருக்கிறார்கள். அதன் அடியில், மழை ஈரத்தோடு, பச்சை டேப் சுற்றிய டப்பா. பெயர் எழுதி மூடி வைத்த பிறகு அவளே கல்லைப் புரட்டிப் பாசியை மேலே கொண்டுவந்தாள்.

அந்த நாளிலிருந்து நான் பெட்டியைத் தேடுவதில்லை. இயற்கை தானாகச் செய்திருக்க முடியாத ஒன்றைத் தேடுகிறேன். நேர்க்கோட்டில் அடுக்கிய குச்சிகள், ஈரமான இடத்தில் உலர்ந்த கல், ஒரு பக்கம் மட்டும் மிதிபட்ட புல். அதற்கும் கிடைக்கவில்லை என்றால் செயலியில் துப்பு இருக்கும், தயங்காமல் பாருங்கள். சிலர் துப்பைப் பார்ப்பதைக் குறைவாக நினைக்கிறார்கள். மழையில் நனைந்தபடி ஒரு மணி நேரம் புல்லைக் கிளறிக் கெடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கற்சுவருக்குள் கையைவிட்டுத் தேடலாமா?

கூடாது. இந்த மலைகளில் வயலுக்கு வயல் ஓடும் சுவர்களில் சாந்தோ சிமென்டோ கிடையாது. கல்லின் மேல் கல், அந்த எடையும் பொருத்தமும்தான் சுவரை நிறுத்துகின்றன. ஒரு கல்லை உருவினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த பனிக்காலத்தில் நீர் இறங்கி உறைந்து, ஒரு கஜம் சுவர் சரியும். செம்மறி வெளியே போகும். அதைத் திருப்பிக் கட்டுவது தேர்ந்த கைவேலை. அதனால்தான் பிரிட்டனில் இந்தச் சுவர்களில் பெட்டி வைக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. அம்பு சுவரைக் காட்டினால் பெட்டி பக்கத்து வேலிக் கம்பத்திலோ மரத்தடியிலோ இருக்கும். சுவரைத் தொடாமல் தேடுங்கள்.

அது யாருடைய நிலம்? நாம் நடக்கலாமா?

ஏறக்குறைய எல்லா நிலத்துக்கும் உரிமையாளர் உண்டு. ஆனால் வயல்களின் நடுவே பொதுமக்கள் நடக்கச் சட்ட உரிமையுள்ள பாதைகள் ஓடுகின்றன. மஞ்சள் அம்பு போட்டிருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரலாம். இவை தவிர, வரைபடத்தில் குறிக்கப்பட்ட திறந்த மேட்டு நிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம். இந்த உரிமை 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது.

அது சும்மா வரவில்லை. எடேலுக்கு வடக்கே தெரிகிறதே கிண்டர் ஸ்கவுட், அது ஒரு காலத்தில் பணக்காரர்கள் கிரவுஸ் பறவை வேட்டையாடும் தனி நிலம். காவலர்கள் நடப்பவர்களை விரட்டுவார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று, மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் சில நூறு பேர், பென்னி ராத்மன் என்ற 20 வயது இளைஞரின் தலைமையில் வேண்டுமென்றே அத்துமீறி அந்த மலை ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1951-இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது இதே பீக் டிஸ்ட்ரிக்ட்.

லூஸ் ஹில் உச்சிக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. ஜி.எச்.பி. வார்ட் என்பவர் 1900-இல் ஷெஃபீல்டில் தொழிலாளர்களுக்காக நடைச் சங்கம் தொடங்கியவர். 1945-இல் நடையர்கள் சேர்ந்து அந்த உச்சி நிலத்தை வாங்கி அவருக்குக் கொடுத்தார்கள். அவர் அதை வைத்துக்கொள்ளாமல் நேஷனல் டிரஸ்டுக்குத் தந்துவிட்டார். உச்சிக்குப் பெயர் இன்றும் வார்ட்ஸ் பீஸ். அங்கே உட்கார்ந்து ஃபிளாஸ்கைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

வழியில் கேட் இருந்தால்?

மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள். ஆடு தண்ணீருக்குப் போக விவசாயி திறந்து வைத்திருக்கலாம்.

மாடுகள் துரத்துமா?

நம் ஊர் மாட்டைப் பார்த்து வளர்ந்த தைரியத்தில் அருகே போகாதீர்கள். இங்கே மேய்ச்சல் மாடுகள் மனிதக் கை படாமல் வளர்பவை. கன்று கூட இருந்தால் தாய்க்கும் கன்றுக்கும் நடுவே ஒருபோதும் போகக் கூடாது. வயலின் ஓரமாகச் சுற்றிப் போங்கள். நாயோடு போகிறவர்கள் கயிற்றில் பிடித்துக்கொள்ள வேண்டும். மாடு விரட்டினால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் ஓடித் தப்பிக்கும், மாடும் உங்களை விட்டுவிடும். திறந்த மேட்டு நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் குட்டைக் கயிற்றில் கட்டி வைப்பது சட்டம். தரையில் கூடு கட்டும் பறவைகளின் காலம் அது.

பெட்டியே இல்லாத கேஷ் உண்டாமே?

உண்டு, 'எர்த்கேஷ்' என்று பெயர். நிலவியல் சிறப்புள்ள இடத்துக்குப் போய், அங்கே கண்ணால் பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். 2004 முதல் நடக்கிறது.

இந்த வகையை ரசிக்க மேம் டோரைவிட நல்ல பாடம் கிடைக்காது. மலையின் கிழக்கு முகம் உரித்த மாதிரி இருக்கும். மணற்கல் ஓர் அடுக்கு, ஷேல் என்ற இளகிய களிப்பாறை ஓர் அடுக்கு, மறுபடி மணற்கல். மழைநீர் இறங்கினால் ஷேல் நெகிழ்ந்து மேலே உள்ளதைத் தாங்காமல் வழுக்குகிறது. சுமார் 4,000 ஆண்டுகளாகச் சரிந்துகொண்டே இருப்பதால் 'நடுங்கும் மலை' என்று பெயர். இதன் அடிவாரத்தில் ஏ625 என்ற நெடுஞ்சாலை போனது. சாலையைச் செப்பனிட்டுச் செப்பனிட்டுப் பார்த்து, முடியாமல் 1979-இல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். இன்றும் அதன் மேல் நடக்கலாம். தார் அடுக்கடுக்காகப் பிளந்து, நடுவில் வெள்ளைக்கோடு போட்டபடியே ஓர் ஆள் உயரம் கீழே இறங்கியிருக்கும். மேலே போட்ட தாரின் கனத்தைப் பார்த்தாலே எத்தனை முறை முயன்றிருக்கிறார்கள் என்று புரியும். நேரம் இருந்தால் ஹாலின்ஸ் கிராஸிலிருந்து காசில்டன் பக்கம் இறங்கி இதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

புதிர்ப் பெட்டிகள் கடினமா?

சிலது கடினம். பல படிகள் கொண்டவற்றை முதலில் முயலுங்கள்: ஓர் இடத்தில் உள்ள பலகையின் ஆண்டையோ, பெஞ்சில் பொறித்த எண்ணையோ எடுத்துக் கூட்டிக் கழித்தால் அடுத்த இடத்தின் எண் வரும். இங்கிலாந்தில் தேவாலயங்களை ஒட்டி வைக்கப்படும் 'சர்ச் மைக்ரோ' என்ற வரிசை மிகப் பிரபலம். பெட்டி கல்லறைத் தோட்டத்துக்கு வெளியேதான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு, உள்ளே எண்களை மட்டும் அமைதியாகப் பார்த்து வாருங்கள். ஹோப் கிராமத் தேவாலய முற்றத்தில் சாக்ஸன் காலத்துக் கற்சிலுவையின் தண்டு நிற்கிறது. ரயிலுக்கு நேரம் இருந்தால் அதைப் பார்க்காமல் போகாதீர்கள்.

உள்ளே இருக்கும் பொருளை எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்கலாம், அதற்குச் சமமான அல்லது அதைவிட நல்ல பொருளை வைக்க வேண்டும். என் மகள் பையில் எப்போதும் நாலு கண்ணாடிக் கோலியும் சின்னச் சங்கும் இருக்கும். சாப்பிடும் பொருள் வைக்கவே கூடாது. நரியும் எலியும் மோப்பம் பிடித்துப் பெட்டியைக் கடித்துப் பிய்த்துவிடும். டேவ் அல்மரின் பீன்ஸ் டப்பாவை இன்றைய விதி அனுமதிக்காது. கத்தி, தீப்பெட்டி, மருந்தும் கூடாது.

எண் பொறித்த உலோகத் தகடு கட்டிய பொம்மை ஏதாவது இருந்தால் கவனியுங்கள். அது பயணி. அதை எடுத்தால் உங்களுடையது ஆகாது. வேறொரு பெட்டியில் கொண்டுபோய் வைத்து, அந்த எண்ணை இணையத்தில் பதிய வேண்டும். நாடு விட்டு நாடு போகும் அதன் பாதையை உரிமையாளர் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

பேனா போதுமா?

பென்சில் எடுத்துப் போங்கள். பெரும்பாலான சின்னப் பெட்டிகளில் எழுதுகோல் இருக்காது, தாளோ லேசாக ஈரம் கோத்திருக்கும். ஈரத் தாளில் பால்பாயின்ட் வழுக்கும், மைப்பேனா கசியும். பென்சில் எழுதும்.

கிடைக்கவே இல்லை என்றால் என்ன செய்வது?

'கிடைக்கவில்லை' என்று பதிவு போடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொடங்கிய காலத்தில் நான் கிடைக்காத ஒரு பெட்டியைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டேன். பெட்டி மழையில் அடித்துப் போயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நான் அன்றே எழுதியிருந்தால், அடுத்த சில வாரங்கள் அதற்காக மலை ஏறியவர்கள் வேறு வழி போயிருப்பார்கள். இன்னொன்று: காணோம் என்று நீங்களாகவே ஒரு புதுப் பெட்டியை வைத்துவிட்டு வராதீர்கள். பழையது இரண்டு அடி தள்ளி இருக்கக்கூடும்.

தேடும்போது மற்றவர்கள் பார்த்தால்?

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களை இங்கே 'மகிள்' என்பார்கள். அவர்கள் கடந்து போகும் வரை ஷூ கயிற்றைக் கட்டுங்கள், காட்சியைப் பாருங்கள். யாராவது நேராகக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மலையில் எதிர்ப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஆர்வமாகக் கேட்பார்கள். ஊருக்குள் இன்னும் கவனம் வேண்டும். 2011-இல் யார்க்‌ஷயரின் வெதர்பி ஊரில் ஒருவர் கையில் எதையோ வைத்துப் பூந்தொட்டிப் பக்கம் குனிவதைப் பார்த்துப் பயந்து போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். ராணுவ நிபுணர்கள் வந்து அந்தப் பெட்டியை வெடிக்க வைத்தார்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். கூட்டிப் போகலாமா?

முழுப் பாதைக்கு வேண்டாம். மேம் டோருக்கு அடியில் மேம் நிக் என்ற இடத்தில் கார் நிறுத்தம் இருக்கிறது. அங்கிருந்து உச்சி வரை படியும் கற்பலகையும்தான், மெதுவாக ஏறினாலும் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறங்குவதுதான் சிரமம், ஊன்றுகோல் கொடுங்கள். குழந்தைகளுக்கு ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு எண் போட்டிருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: முதலாவது தேடும் கடினம், இரண்டாவது நிலத்தின் கடினம், இரண்டுமே 1 முதல் 5 வரை. 2-க்கு மேல் போக வேண்டாம். பேக் டோர் விளிம்பில் குழந்தையின் கையை விடவே கூடாது.

எந்த மாதம் நல்லது?

பெட்டி கிடைக்க வேண்டுமென்றால் பிப்ரவரியும் மார்ச்சும். ஜூலைக்குள் பிராக்கன் என்ற பெரணிச்செடி இடுப்பளவு வளர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அதில் உண்ணி இருக்கும், காஞ்சொறியும் பக்கத்திலேயே இருக்கும். கோடையில் நீளக் கால்சட்டை போடுங்கள், வீடு திரும்பியதும் கால் மடிப்புகளில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்கு விருந்து வேண்டுமென்றால் ஆகஸ்ட். கிண்டர் பக்கத்து மேடெல்லாம் ஹெதர் பூத்து ஊதாவாக இருக்கும். டிசம்பரில் 4 மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும், தலையில் கட்டும் டார்ச் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

எந்த மாதமானாலும் முகட்டில் காற்று இரக்கமே பார்க்காது. கீழே ரயில் நிலையத்தில் வெயில் அடிக்கும், மேலே காது அறுந்துவிடும். மழைக்கோட்டு, ஒரு கம்பளித் தொப்பி, பிடிப்புள்ள ஷூ. ஜீன்ஸ் நனைந்தால் உலராது, வேண்டாம்.

சாப்பாடு?

முகட்டில் கடை கிடையாது. நாங்கள் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போவோம். ஆறினாலும் ருசி குறையாத சாப்பாடு. கழிப்பறை வசதியைப் பள்ளத்தாக்கிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அடிபட்டால்?

999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ என்று கேளுங்கள். வருபவர்கள் எல்லோரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், எடேல் பெயரிலேயே ஒரு குழு இருக்கிறது. உங்கள் இடத்தைச் சொல்ல செயலியில் உள்ள எண்களே உதவும். சிக்னல் பலவீனமான இடத்துக்கு, 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியை முன்பே பதிந்து வையுங்கள். விசில் இருந்தால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும்.

நாமே ஒரு பெட்டி வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் ஐம்பது அறுபதாவது கண்டுபிடித்த பிறகு வையுங்கள். எது நல்ல இடம், எது நீர் கோக்கும் டப்பா என்பது அதற்குள் தானாகத் தெரிந்துவிடும். நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். நடக்கும் உரிமை பெட்டி வைக்கும் உரிமை ஆகாது. பக்கத்துப் பெட்டியிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தன்னார்வலர் ஒருவர் சரிபார்த்த பிறகே வெளியாகும். சுற்றுலா வந்த இடத்தில் வைத்துவிட்டுப் போக முடியாது, ஏதாவது என்றால் நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வசந்தத்திலும் உலர்ந்த தாள் சுருள் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு அதைப் பார்க்கப் போவேன். போன மார்ச்சில் மூடியைத் திறந்தபோது தாள் முழுக்க ஈரம். நடுவில் இருந்த பெயர்கள் நீலக் கறையாகக் கரைந்திருந்தன. கடைசி வரி மட்டும் தெளிவாக இருந்தது: டிசம்பர் 26, கோணல்மாணலான குழந்தைக் கையெழுத்தில் ஒரு பெயர், பக்கத்தில் ஒரு செம்மறியின் படம். பென்சிலில் எழுதியிருந்தது.